குடை, டிபன் பாக்ஸ், தலையணை உறை

நான் ஓய்வு பெற்ற மாதத்தில்தான் எங்கள் அலுவலகத்தில் முதல் அழைப்பை இயந்திரக் குரல் எடுக்க ஆரம்பித்தது. பார்சல் வரவில்லையா, ஒன்றை அழுத்துங்கள். பொருள் சரியில்லையா, இரண்டை அழுத்துங்கள். இதையெல்லாம் தாண்டி வருகிறவர்களிடம்தான் இனி மனிதர்கள் பேசுவார்கள். பிரிவு உபசார நாளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேக் தட்டோடு என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "கோகிலாக்கா, இத்தனை வருஷம் போன்லயே பேசினீங்களே, மெஷினால முடியாத வேலைன்னு ஒண்ணாவது செஞ்சிருக்கீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தன் வேலை என்ன ஆகுமோ என்ற கவலையில் கேட்டாள். அன்று அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனவள் நான். வெளியூர்க்காரர்கள் போனில் புடவை கேட்டால் நிறம், கரை, விலை சொல்லி அனுப்பி வைப்பதும் என் வேலையாயிற்று. ஆளைப் பார்க்காமல் குரலை வைத்தே மனசைப் படிக்கிற பழக்கம் அங்கே வந்ததுதான். பிறகு ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு நிறுவனம் கோவையில் அலுவலகம் திறந்து, தமிழில் பேச ஆள் எடுத்தது. கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். காதில் ஹெட்போன், முன்னால் கம்ப்யூட்டர், எதிர்முனையில் எந்த ஊர் யார் என்று தெரியாத ஒருவர். என்னைப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். கடைசிவரை அங்கேயேதான் இருந்தேன்.

சேர்ந்த புதிதில் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயம், கம்பெனி ஆள் மாதிரி போனில் பேசுகிற மோசடிக்காரர்களிடம் நம்ம ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் என்பது. படித்தவர்கள், பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள், வக்கீல்கள் எல்லோரும் ஏமாந்தார்கள். ஒரு நாள் துடியலூரிலிருந்து வந்த அழைப்பில்தான் விடை கிடைத்தது.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மிக்ஸி ஜாடி உடைந்து வந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். நான் எப்போதும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டேன். "இதைப் பத்தி இதுக்கு முன்னால வேற யார்கிட்டயாவது பேசினீங்களாங்க?"

"இப்பத்தான் பேசிட்டு இருக்கறேனுங்க. இன்னொரு போன்ல உங்க ஆளுதான் லைன்ல இருக்கறாரு. இது எங்கூட்டுக்காரம்மா போனு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த நம்பர் எங்க கிடைச்சுதுங்க?"

"கூகிள்ல உங்க கம்பெனி பேரைப் போட்டேன், வந்துச்சு. ஏதோ ஆப் ஏத்தச் சொன்னாரு, ஏத்திப்போட்டேன். இப்ப அவருக்கு என் போன்ல இருக்கறது பூராத் தெரியுதாமா. பணத்தைத் திருப்பிப் போடறதுக்குப் பேங்க் ஆப்பைத் திறக்கச் சொல்றாரு. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு இவ சொன்னா."

"ஐயா, அது எங்க ஆளு இல்லைங்க. அந்த போனை இப்பவே ஆஃப் பண்ணுங்க."

"இருங்க, அவருகிட்ட வெச்சுடறேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு..."

"சொல்ல வேண்டாங்க. அப்படியே ஆஃப் பண்ணுங்க."

"ரொம்ப மரியாதையாப் பேசறாரு அம்மணி. பாதிப் பேச்சுல எப்படிங்க?"

அதுதான் விடை. நம்ம ஊரில் பேசிக்கொண்டிருக்கும் ஆளிடம் சொல்லாமல் போனை வைப்பது, வீட்டுக்கு வந்தவரை உள்ளே கூப்பிடாமல் கதவைச் சாத்துவது மாதிரி. அந்த மோசடிக்காரன் 'ங்க' போட்டுப் பேசக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். இவரால் அந்த 'ங்க'வை அறுக்க முடியவில்லை. நான் குரலை உயர்த்தி, "சார், போனை அம்மாகிட்டக் கொடுங்க" என்றேன். அந்த அம்மா வாங்கி, நான் சொன்னது பாதி காதில் விழுமுன்பே அந்தப் போனை அணைத்துவிட்டார். அடுத்து அவர்களை வங்கிக்குப் பேச வைத்து, அந்த ஆப்பை நீக்கச் சொல்லி, கடவுச்சொற்களை மாற்ற வைத்தேன். ஒரு பைசா போகவில்லை. மறுநாள் வாத்தியார் திரும்பக் கூப்பிட்டு, மிக்ஸி ஜாடிக்கு என்ன வழி என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒன்றைப் பழக்கினோம். கம்பெனி நம்பரை கம்பெனியின் ஆப்பிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு தன்மையாகப் பேசினாலும் பாதிப் பேச்சில் வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லித்தர அதிக நாள் பிடித்தது.

இதை இவ்வளவு நிதானமாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் ஜாபர் சார். எங்கள் பிரிவின் மேலாளர். கோட்டைமேட்டுக்காரர், அத்தர் வியாபாரக் குடும்பம். அவர் நாற்காலியைத் தாண்டிப் போனாலே மெல்லிய வாசனை வரும். யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சிக்கலான புகார் வந்தால், பதிவான அழைப்பைத் தானே ஹெட்போனில் முழுசாகக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். தூங்குகிறாரோ என்று தோன்றும். முடிந்ததும் கண்ணைத் திறந்து ஒரே கேள்வி கேட்பார்.

"இதுல நமக்குத் தெரிஞ்சது எது கோகிலாம்மா, நாம நினைச்சுக்கிட்டது எது?"

முதல் வருஷம் இந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் கேட்பதற்கு முன்பே நானே என்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். இன்னொன்றும் அவரிடம் உண்டு. 'கஸ்டமர்' என்ற சொல்லை அவர் பயன்படுத்த மாட்டார். பெயர் சொல்லித்தான் பேசுவார். பெயர் தெரியாமல் அவர் முன்னால் போய் நிற்க முடியாது.

சுகன்யாவின் பெயரை அவரிடம் கொண்டுபோனவள் நான்தான்.

கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டத்து வீடு. அப்பா பழனிசாமி தென்னந்தோப்பு வைத்திருப்பவர். சுகன்யா அதே ஊரில் ஒரு தென்னைநார் மில் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குப் பார்சல் கொண்டுவரும் ஆளுக்கு வழி சொல்லி மாளாது என்பதால், வாங்கும் பொருளையெல்லாம் மில் விலாசத்துக்கே வரவழைப்பாள். முதல் தடவை பேசியபோது குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"நான் என்ன வாங்கினாலும் ஒருத்தனுக்குத் தெரியுதுங்க. பார்சல் வந்த ரெண்டு நாள்ல போன் பண்றான். 'நீலக் கலர் நைட்டி போட்டுப் பாத்தீங்களா'ங்கறான். போன மாசம் செருப்பு வாங்கினேன், சைஸைச் சொல்றான். நம்பரை பிளாக் பண்ணினா வேற நம்பர்ல வாரான். குரலையும் மாத்திப் பேசறான்."

"போலீஸ்ல சொன்னீங்களாங்க?"

"ஊட்டுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. எங்கப்பா போலீஸ் வேண்டாம், பேர் கெட்டுரும்ங்கறார். வர்ற அமாவாசையோட வேலைக்குப் போறதை நிறுத்திக்கோ, போனும் வேண்டாம்னு சொல்லிப்போட்டார். அந்த ஆளைப் புடிக்கறீங்களோ இல்லையோ, நான் வேலையை உடமாட்டேனுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அழுகை இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாளில் எங்கள் பார்சல் கவருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். அதற்குள் பில். பெயர், விலாசம், போன் நம்பர், என்ன பொருள், என்ன நிறம், என்ன அளவு, எல்லாம் அதில் இருக்கும். கிடங்கிலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து டெலிவரி ஆள் கைக்கு, அவர் கையிலிருந்து வாங்குபவருக்கு. வழியில் யார் குனிந்து பார்த்தாலும் படிக்கலாம். அதை வெளியே ஒட்டக்கூடாது என்று யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

கிணத்துக்கடவுக்கு டெலிவரி செய்தவர் முருகேசன். எல்லோர் சந்தேகமும் அவர் மேல் போயிற்று. சுகன்யாவின் சித்தப்பா நடுரோட்டில் அவர் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மேலிடத்திலிருந்து, பிரச்சினை வேண்டாம், அந்த ஆளை நிறுத்திவிடுங்கள் என்று சொன்னார்கள். முருகேசன் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"என்னை நிறுத்தறதுன்னா நிறுத்திப்போடுங்க சார். வேற கம்பெனிக்கு ஓட்டிக்குவேன். ஆனா நான் செஞ்சேன்னு சொல்லி நிறுத்தாதீங்க. எனக்கும் பொண்ணு இருக்கறா. பள்ளிக்கூடத்துல அவளை என்ன கேப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க."

அவர் போனதும் ஜாபர் சார் என்னைப் பார்த்தார். நானே சொல்லிவிட்டேன். "தெரிஞ்சது, பில்லைப் படிச்ச ஒருத்தன் பேசறான். முருகேசன்ங்கறது நினைச்சுக்கிட்டது."

"அப்ப அதுவரைக்கும் அவரை நிறுத்த வேண்டாம். தெரிஞ்சுக்கணும். எப்படி?"

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஒரே கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை என்றாள், இன்னொருத்தி ஓசூரில் என்றாள். யார் யாரிடம் கேட்டார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. வழி எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஆள் பில்லில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பேசுகிறான். ஒவ்வொரு இடத்திலும் பில்லில் வேறு வேறு பொருளை எழுதினால், அவன் எந்த இடத்தில் படித்தான் என்பதை அவன் வாயாலேயே சொல்லிவிடுவான்.

மறுநாள் ஜாபர் சாரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சுகன்யா அப்பாகிட்ட நாம நேர்ல போய்க் கேட்கணும்" என்றார்.

பழனிசாமி எங்களுக்குக் கட்டில் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க பாய், உங்க ஊட்டுப் பொண்ணுக்கு இப்படின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஜாபர் சார் இளநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "போனை வாங்கி வைக்கணும்னுதாங்க எனக்கும் மொதல்ல தோணும். ஆனா அதைத்தானுங்க அவன் எதிர்பார்க்கிறான். உங்க பொண்ணு போனைக் கொடுத்துட்டா அவன் அடுத்த வீட்டுப் பொண்ணுக்குப் பேசுவான். ஒரே ஒரு பார்சல் வரைக்கும் எங்களுக்கு நேரம் கொடுங்க."

"யாருன்னு தெரிஞ்சு போச்சுன்னா?"

"தெரிஞ்சா போலீஸுக்குப் போறோம். நீங்களும் கூட வரணும்."

பழனிசாமி மகளைப் பார்த்தார். சுகன்யா தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "நான் போறேன்ப்பா, நீங்க வந்தாலும் வராட்டியும்" என்றாள். அவர் எழுந்து எங்களுக்கு இன்னொரு இளநீர் வெட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பார்சல் தயாரானது. உள்ளே பழைய செய்தித்தாள்தான். கிடங்கிலிருந்து கிளம்பும்போது வெளியே இருந்த பில்லில் எழுதியிருந்தது: குடை. கிளைக்கு வந்து சேர்ந்ததும், ஜாபர் சார் சோதனைக்கு வந்தவர் மாதிரி அங்கே போய், பார்சல் மூட்டையைத் தனியறைக்கு எடுத்துப்போய்ப் பில்லை மாற்றினார். இப்போது அதில் டிபன் பாக்ஸ். கிளையில் இருப்பவர்களும் முருகேசனும் பார்த்தது அதைத்தான். மூன்றாவது பில் சுகன்யாவின் கைப்பையில் முன்கூட்டியே இருந்தது. பார்சல் கைக்கு வந்ததும் டிபன் பாக்ஸ் பில்லை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்து வைத்துவிட்டு, வெறும் கவரில் இந்த மூன்றாவது பில்லைச் செருகி, வழக்கம்போல அலுவலகக் குப்பைக்கூடையில் போட வேண்டும். அந்தப் பில்லில் இருந்தது: தலையணை உறை.

எந்தப் பொருள் எந்த இடத்துக்கு என்பது சுகன்யா, ஜாபர் சார், நான் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. முருகேசனுக்குக்கூடச் சொல்லவில்லை.

அன்று சுகன்யாவுக்குப் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் விஷயம் தெரிந்து ஒதுங்கிவிட்டானோ என்று பயந்தேன். அப்படி ஒதுங்கிவிட்டால் கடைசிவரை முருகேசன் பேரில்தான் பழி நிற்கும். மூன்றாம் நாள் இன்னொரு வாடிக்கையாளரிடம் பேசி முடித்ததும் என் மேஜைக்கு சுகன்யாவின் அழைப்பு வந்தது. இந்தத் தடவை அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"கோகிலாக்கா, பேசிட்டானுங்க. ரெக்கார்ட் பண்ணிட்டேன். 'புதுத் தலையணை உறை யாருக்கு வாங்கினீங்க'ன்னு கேக்கறான்."

"குடைன்னு ஏதாவது சொன்னானா? டிபன் பாக்ஸ்?"

"இல்லைங்க. தலையணை உறை. ரெண்டு தடவை சொன்னான்."

நான் எழுந்து போய் ஜாபர் சார் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். சுகன்யா அனுப்பிய பதிவைக் கேட்டார். கண்ணை மூடவே இல்லை. கேட்டு முடித்ததும் முதலில் செய்தது முருகேசனுக்குப் போன் பண்ணியது. "உங்க மேல தப்பில்லைன்னு இப்ப எங்களுக்குத் தெரியும். நினைக்கலை, தெரியும்" என்றார். எதிர்முனையில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

குப்பைக்கூடை வரைக்கும்தான் எங்களால் போக முடிந்தது. அதில் கை விட்டது யார் என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை. அதைச் சொல்லித்தான் பதிவையும் மூன்று பில்களின் நகலையும் சைபர் கிரைம் போலீசில் கொடுத்தோம். பழனிசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மகளோடு வந்து, அவள் புகாரில் கையெழுத்துப் போடும்வரை பக்கத்திலேயே நின்றார். விசாரித்த பெண் எஸ்.ஐ. கெட்டிக்காரர். அவன் பேசிய நம்பர்களையெல்லாம் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பேரில் இருந்தது. அத்தனை பேரும் அதே நார் மில்லில் வேலை செய்யும் கூலிக்காரர்கள். தங்கள் பேரில் சிம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. "வேலைக்குச் சேரும்போது ஆதார் நகல் யார்கிட்டக் கொடுத்தீங்க?" என்று எஸ்.ஐ. கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

மில்லின் அலுவலக மேலாளர். சுகன்யாவுக்கு எதிர் மேஜை. அவள் அப்பாவைக் கோவிலில் பார்த்து, "காலம் கெட்டுக் கிடக்குதுங்க, பொண்ணைக் கொஞ்ச நாள் ஊட்டுலயே வெச்சுக்குங்க" என்று புத்தி சொன்னவரும் அவர்தான். டெலிவரி பண்ணுகிற ஆள் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்று சித்தப்பாவிடம் முதலில் சொன்னவரும் அவர்தான். அவருடைய மேஜை டிராயரிலேயே அந்தப் போன் இருந்தது. தன் வேலைக்குச் சுகன்யா வந்துவிடுவாள் என்ற பயம் அவருக்கு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. கைது செய்து கூட்டிப்போனார்கள்.

ஸ்டேஷன் வாசலில் சுகன்யா என்னிடம் கேட்டாள். "கவரைக் கிழிக்காமக் குப்பையில போட்டது என் தப்புங்களா அக்கா?"

"இனிமே பேரும் நம்பரும் இருக்கற துண்டைக் கிழிச்சுப் போடுங்க. ஆனா குப்பையில போட்டது தப்பில்லைங்க அம்மணி. குப்பையை எடுத்துப் படிச்சானே, அதுதான் தப்பு."

சித்தப்பா முருகேசன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். முருகேசன் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாராம். மில் முதலாளி காலியான மேலாளர் வேலையைச் சுகன்யாவுக்குக் கொடுத்தார். அவள் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், கூலிக்காரர்களின் ஆதார் நகல்களையெல்லாம் பூட்டுள்ள அலமாரிக்கு மாற்றி, ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் 'மில் வேலைக்கு மட்டும்' என்று அவரவர் கையாலேயே எழுத வைத்தது.

எங்கள் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. ஜாபர் சார் அந்த மூன்று பில்களின் நகலையும் எடுத்துக்கொண்டு என்னையும் தலைமை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். அந்த வருஷத்துக்குள் எங்கள் நிறுவனத்தில் பில் கவருக்குள்ளே போயிற்று. பொருளின் பெயர் வெளியே இல்லை. வாங்குபவரின் போன் நம்பரும் இல்லை. டெலிவரி ஆள் பேச வேண்டுமென்றால் கம்பெனி வழியாக வேறொரு நம்பரில்தான் பேச முடியும். எத்தனை லட்சம் வீடுகளுக்கு அந்த வெறும் கவர் போகிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் பழனிசாமி கூப்பிட்டார். முதல் தடவையாக ஆன்லைனில் ஏதோ வாங்கப் பார்க்கிறாராம். மகளிடம் கேட்கக் கூச்சம்.

"கார்டு நம்பரைச் சேமிச்சு வெக்கட்டுமான்னு கேக்குதுங்க அம்மணி."

"வேண்டாம்னு தட்டுங்க."

"தட்டிப்போட்டேன். பொருள் வந்த பொறவு காசு கொடுக்கறாப்பல ஒண்ணு இருக்குது."

"அதைத் தட்டுங்க. சரியாப் பண்றீங்க. அப்படி என்னங்க வாங்கறீங்க?"

அவர் ரொம்பத் தன்மையாகச் சொன்னார்.

"அது எதுக்குங்க உங்களுக்கு? என்ன வாங்கறேன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கறா. வெச்சுடறேனுங்க."

வைத்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் வாய்விட்டுச் சிரித்தேன்.